கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம்

ஜனவரி 8, புதன்

ஆய்வுக் குறிப்பேட்டில் கோபத்தை எழுதக்கூடாதாம். நேற்று நான் "லேசர் இன்று சனியன் பிடித்ததுபோல் நடந்துகொண்டது" என்று எழுதியிருந்ததை மகுடேஸ்வரன் சார் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் "உண்மைகள் மட்டும்" என்று எழுதிக் கொடுத்தார். லேசருக்குச் சனியன் பிடித்ததும் உண்மைதானே? ஆனால் அவர் வழிகாட்டி, நான் நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். மாலையில் பல்கலைக்கழக வாசல் கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கினேன். அட்டையில் மயில் படம். உண்மைகள் அங்கே இருக்கட்டும், என் வயிற்றெரிச்சல் இங்கே இருக்கட்டும்.

முதல் பக்கம் என்பதால் முறையாக எழுதுகிறேன். என் பெயர் பூங்கோதை. ஊர் கோவில்பட்டி, வேலை கோயம்புத்தூரில். "என்னம்மா வேலை?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது இது: உடம்புக்குள் இருக்கும் புற்றுக்கட்டியை அறுக்காமல், குத்தாமல், வெளியே இருந்தே ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னத் தங்கத் துகள்கள். அவற்றின் மேல் ஒரு சாயம். துகள்கள் கட்டியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே இருந்து லேசர் அடித்தால், துகளில் பட்டுச் சிதறும் ஒளி நிறம் மாறி வரும். கணினி அதை ஒரு கோடாக வரையும். எங்கள் சாயம் உள்ளே இருந்தால் அந்தக் கோட்டில் 1178 என்ற இடத்தில் ஒரு கூம்பு எழும். கூம்பு இருந்தால் கட்டி இருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் தெரியுமா என்பதுதான் என் நான்கு வருடத்துக் கேள்வி.

மனிதர்களுக்குக் கொண்டுபோக இன்னும் பல வருடம் ஆகும். எலிக்கே இன்னும் போகவில்லை. இப்போதைக்கு எங்கள் நோயாளி கோழி.

ஜனவரி 10

ஜமால் பாய் கடையில் எலும்பில்லாத நெஞ்சுக்கறி இரண்டு கிலோ. "வாரத்துக்கு மூணு தடவை வாங்கறியே பாப்பா, எந்த ஓட்டலு?" என்று இன்றைக்கும் கேட்டார். ஆராய்ச்சி என்றேன். "கோழியில என்ன ஆராய்ச்சி? நல்லாத்தான இருக்கு" என்று கோபப்பட்டார்.

வேலை முறையையும் எழுதிவைக்கிறேன். கறியை ஒரே கனத்தில் வில்லை வில்லையாக வெட்டி அடுக்க வேண்டும். கத்தியும் பலகையும் ராத்திரி முழுக்கத் தங்கத்தைக் கரைக்கும் கரைசலில் ஊறும். காலையில் முதல் வேலையாகத் துகள் எதுவும் இல்லாத வெறும் கறியை வைத்து ஒரு அளவு. அதில் கூம்பு வரக்கூடாது, வராது. "காலையில கத்தி சுத்தம், பலகை சுத்தம், மனசும் சுத்தம்" என்பார் சார். அதற்குப் பிறகுதான் துகள் கலந்த ஜெல்லை எடுத்து, மொச்சைக்கொட்டை அளவுக்கு வெட்டி, அடுக்கின் நடுவில் வைப்பேன். அதுதான் எங்கள் கட்டி. மேலே லேசர், கீழே ஒளியை வாங்கும் கருவி. இன்றைக்கு மூன்றரை சென்டிமீட்டர் வரை கூம்பு தெரிந்தது. கத்தி என்னுடையது. பிடியில் நகப்பூச்சால் "பூ" என்று எழுதியிருக்கிறேன். வேறு யாராவது தொட்டால் கையை உடைப்பேன்.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஊரில். முத்துச்செல்வி அக்கா வீட்டில்தான் மூன்று நாளும். அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு அதுதான். பொங்கல் முடிந்தும் அக்காவின் தையல் மிஷின் ஓயவில்லை. மாட்டுப் பொங்கலன்றுகூட ஒருத்தி ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், இவளும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்கிறாள்.

கரும்பு தின்றுகொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னாள்: "ஏட்டி, இடது மார்ல என்னமோ உருண்டையா தட்டுப்படுது. வலியெல்லாம் இல்ல. சூட்டுக்கட்டியா இருக்கும்."

கரும்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். எத்தனை நாளாக என்றால் தீபாவளியிலிருந்தாம்! புற்றுக்கட்டியைப் படிக்கும் தங்கையை வைத்துக்கொண்டு மூன்று மாதம் சூட்டுக்கட்டி என்று உட்கார்ந்திருக்கிறாள். வெந்தயம் அரைத்துப் பூசினாளாம். பால்வண்ணன் அத்தானையும் ஒரு பிடி பிடித்தேன். "எனக்கே இப்பத்தாம்மா சொல்லுதா" என்று அவர் விழித்தார். விடுமுறை முடிந்ததும் டாக்டரிடம் காட்டுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஜனவரி 24

ஐந்து சென்டிமீட்டர்!!

கறி ஐந்து சென்டிமீட்டர் கனம், அதற்குள் கட்டி, கூம்பு ஊசி மாதிரி நிற்கிறது. சார் ஓடி வந்து பார்த்தார். மூன்று தடவை திரும்ப எடுக்கச் சொன்னார். மூன்று தடவையும் நின்றது. தனக்குத் தெரிந்து யாரும் இவ்வளவு ஆழத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை என்றார். எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். என் தலையில் கைவைத்து "சாதிச்சுட்டீங்க, பூங்கோதை" என்றார். இன்றைக்கு யார் மேலும் கோபம் இல்லை.

ஜனவரி 31

பேப்பரில் வந்துவிட்டது. "கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம்: ஒளி பட்டாலே புற்றுக்கட்டி தெரியும். கோவை ஆய்வாளர்கள் சாதனை." உள்ளே சார் சொன்னதாக "விரைவில் மருத்துவமனைகளுக்கு வரும்" என்று ஒரு வரி. கோழி என்ற சொல் எங்கேயும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. படத்தில் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான், பூச்சிமருந்து அடிக்கிற ஆள் மாதிரி.

கோழியை விட்டதற்காகக் கோபப்பட்டிருக்க வேண்டும். நான்கு பிரதி வாங்கினேன்.

அக்காவும் இன்றைக்கு அழைத்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டாளாம். ஸ்கேனில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி. திருநெல்வேலிக்குப் போய் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை போகிறாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பேப்பர் விஷயத்துக்குத் தாவிவிட்டாள். "ஒன் போட்டோவ ஒங்கத்தான் கடையில ஒட்டிட்டாக. தெருவே வந்து பாக்குது."

பிப்ரவரி 4

காலையில் அக்காவிடம் பேசினேன். வழக்கமான பேச்சு.

பிப்ரவரி 20

விடுதியில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. வார்டனிடம் சண்டை. மெஸ் சாம்பாரில் கரண்டி விட்டுத் துழாவினால் ஒரு முருங்கைத்துண்டு அகப்படும், அதையும் முந்தைய நாள் யாரோ சப்பிப் போட்டது போலிருக்கும்.

கட்டுரை எழுதி முடித்துச் சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டோம். சார் பெயர் கடைசியில், என் பெயர் முதலில். சார் இரண்டு தொலைக்காட்சிகளில் பேசிவிட்டார்.

அக்கா இரண்டு முறை அழைத்திருக்கிறாள். சோதனை நடுவில் இருந்ததால் எடுக்கவில்லை. சோதனை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

நோன்பு மாதம். ஜமால் பாய் கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கிறது. அதுவரை சும்மா உட்கார எனக்குப் பொறுமை ஏது? குளிர்பெட்டியில் நேற்றைய மிச்சக் கறி இருந்தது. அதை வெட்டி, ஜெல்லை வைத்து, வேலையைத் தொடங்கிவிட்டேன். புதுக் கறி வந்ததும் இன்னும் நான்கு அடுக்கு. எல்லாம் முடிந்து மூன்று மணிக்குத்தான் ஞாபகம் வந்தது, இன்றைக்கு வெறும் கறி எடுக்கவில்லை. சரி, ஒரு சம்பிரதாயத்துக்கு எடுப்போம் என்று துகள் இல்லாத கறியை வெட்டி வைத்தேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக, கடைசியில்.

கூம்பு எழுந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. ஜெல் இல்லை, துகள் இல்லை. கோழி மட்டும்தான். 1178-இல் கூம்பு, ஜனவரி 24-இல் நின்ற அதே உயரத்தில்.

முதலில் தட்டை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னொரு துண்டு வெட்டினேன். கூம்பு. இன்னொன்று. கூம்பு. பிறகு உட்கார்ந்து என் கத்தியைப் பார்த்தேன். ஜெல்லை இதே கத்தியால்தான் வெட்டுகிறேன். குழாயில் காட்டி, துணியால் துடைத்து, அதே கத்தியால் அடுத்த வில்லையை வெட்டுகிறேன். கண்ணுக்கே தெரியாத துகள் குழாய்த் தண்ணீருக்குப் போய்விடுமா? கறியின் மேலேயும் கீழேயும் நானே அதைப் பூசிப் பூசி வைத்திருக்கிறேன். கருவி ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தைப் பார்க்கவில்லை. கறியின் மேலே ஒட்டிய அழுக்கைப் பார்த்திருக்கிறது. காலையில் சுத்தமான கத்தியால் வெறும் கறியை முதலில் எடுத்துக்கொண்டிருந்தவரை இது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

மார்ச் 19

கடைவீதியில் இருபது புதுக் கத்தி வாங்கி வந்தேன். ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு கத்தி, ஒரு பலகை. வெறும் கறியில் கூம்பு இல்லை. ஐந்து சென்டிமீட்டரில் இல்லை. நான்கில் இல்லை. மூன்றில் இல்லை. இரண்டு சென்டிமீட்டருக்கு வந்தபோது ஒரு சின்ன மேடு மாதிரி ஏதோ. அவ்வளவுதான். நான்கு வருடத்தைப் போட்டு உடைத்துவிட்டேன்.

மார்ச் 20

சாரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவசரப்படாதீங்க பூங்கோதை. ஒரு நாள் நடந்ததை வச்சு முடிவு பண்ணக்கூடாதுங்க."

"ரெண்டு நாள் சார். இருபது கத்தி."

"கட்டுரை இப்ப மதிப்பாய்வுல இருக்குது. இந்த நேரத்துல போயி நாமளே..." என்று நிறுத்திவிட்டு, "கத்தி விஷயத்தைக் குறிப்பேட்டுல எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன் சார். உண்மைகள் மட்டும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் பொறுங்கள், இன்னொரு மாணவனைத் தனியாகச் செய்து பார்க்கச் சொல்கிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேங்காய் பன் வாங்க இரண்டு நிமிடம், பேப்பர்காரரைக் கூப்பிட ஒரு நாள், தப்பு என்று சொல்ல மட்டும் இரண்டு வாரமா? மனுஷன் தூங்குகிறாரா ராத்திரியில்?

நானும் பொறுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4

அத்தான் அழைத்தார். அவர் சாதாரணமாக எனக்கு அழைக்கிறவர் இல்லை.

"ஒங்கக்கா ஊசி போட்டுக்கவே இல்லம்மா. கட்டி பெருசான மாதிரி இருக்குதுன்னு அவளே சொல்லுதா. கெளம்புன்னா கெளம்ப மாட்டேங்கா. தங்கச்சி மெஷின் வந்துரும், லைட் அடிச்சுப் பாத்தா போதும்ங்கா. நீ ஒரு வார்த்த சொல்லு."

நான் கத்தினேன். இரண்டு மாதமா? நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் அத்தான், கடையில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தீர்களா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? பேப்பரில் வந்ததை எல்லாம் நம்பிக்கொண்டு உட்காருவீர்களா?

"பேப்பர மட்டும் நம்பலம்மா," என்றார் அவர். "நீயும்லா அன்னைக்கு..."

பஸ் வந்துவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை.

இந்தப் பேப்பர்காரன் நாசமாய்ப் போக. ஒரு வரி, ஒரே ஒரு வரி, "கோழிக்கறியில்" என்று போட்டிருந்தால் என்ன, கை முறிந்தா போயிருக்கும்? சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

ஏப்ரல் 5

அக்காவிடம் ஒரு மணி நேரம்.

"மெஷின் வேலை செய்யலக்கா. எல்லாம் தப்பு. என் கத்தியில ஒட்டியிருந்த துகள்தான் தெரிஞ்சிருக்கு. நீ நாளைக்கே போயி ஊசி போட்டுக்க."

சிரித்தாள். "பொய் சொல்லாதட்டி. ஒங்கத்தான் சொல்லிக் குடுத்தாகளாக்கும்? என்ன ஊசிக்குத் தள்ளுததுக்கு ரெண்டு பேரும் சேந்து நாடகமா போடுதிய?"

"சத்தியமாக்கா."

"பேப்பர்ல ஒன் போட்டோவே போட்டிருக்கு. பேப்பர்ல பொய்யா போடுவாக? பக்கத்துத் தெரு மரகதத்துக்கு என்னாச்சு? நல்லா நடமாடிக்கிட்டு இருந்தா. ஊசியக் குத்திக் கட்டியக் கலச்சு விட்டாக, உடம்பெல்லாம் பரவிட்டு. ஆறே மாசம்."

மரகதத்துக்கு ஊசி போட்டபோதே முற்றியிருந்தது என்று எத்தனை தடவை சொல்வது? ஊசியால் பரவுவதில்லை, தள்ளிப்போடுவதால்தான் பரவுகிறது என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். கடைசியில் அவள் குரல் இறங்கிவிட்டது. "அறுத்துட்டா கையத் தூக்க முடியாதாம்லா. நான் எப்டித் துணி வெட்டுவேன்? வேற என்ன வேல தெரியும் எனக்கு? நீ மெஷினக் கொண்டாந்து பாத்துச் சொல்லு, அதுல இருக்குன்னா அப்பப் போறேன்."

பேசிப் பயனில்லை. தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அளவு ரவிக்கை கொடுத்தாலும் மறுபடி டேப் வைத்து அளக்கிறவள். கோயம்புத்தூருக்கு வா, மெஷினில் காட்டுகிறேன் என்றேன். உடனே சரி என்றாள்.

ஏப்ரல் 8

சார் அறையில் கதவைச் சாத்தாமலே பேசினேன். எல்லாருக்கும் கேட்கட்டும். கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள், பேப்பருக்கு மறுப்பு கொடுங்கள் என்றேன். அந்த இன்னொரு மாணவன் இன்னும் ஒரு கோழியைக்கூட வெட்டவில்லை.

"பூங்கோதை, நாம யாருக்கும் கெடுதல் பண்ணலீங்க. இது கோழிக்கறியில செஞ்ச சோதனை. இதை நம்பிட்டு எந்த நோயாளியும் வைத்தியம் பாக்காம உக்காந்திருக்க மாட்டாங்க."

"எங்கக்கா உக்காந்திருக்கா சார்."

சார் தனக்குத் தெரிந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் இருக்கிறார், உடனே பேசுகிறேன் என்றார். அப்போதே போனை எடுத்துப் பேசவும் செய்தார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்து பேப்பர் அலுவலகத்துக்கு நானே அழைத்தேன். "அது பழைய செய்தி மேடம். இப்பப் போயி மறுப்பு போட்டா யார் படிப்பா?" என்றான் ஒருவன். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமாடா என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

ஏப்ரல் 22

அக்காவும் அத்தானும் காலை ரயிலில் வந்தார்கள். இத்தனை நாள் இழுத்தடித்ததற்குக் காரணம் கல்யாண முகூர்த்த ரவிக்கைகளாம்! பையில் எனக்குக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட். அக்கா மெலிந்திருக்கிறாள். புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், மெஷினுக்கு மரியாதையாக.

முதலில் ஜமால் பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். கறியை அக்காவே பார்த்து வாங்கட்டும் என்றேன். அவளும் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள். ஆய்வகத்தில் அவளுக்கும் அத்தானுக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டினேன்.

"இந்தக் கறியில ஏதும் கலந்திருக்காக்கா?"

"நாந்தான இப்ப வாங்குனேன்."

புதுக் கத்தியால் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். திரையில் கோடு வந்தது, 1178-இல் ஒன்றும் இல்லை. பிறகு "பூ" கத்தியை எடுத்தேன். அன்றைக்குச் செய்தது போலவே ஜெல்லை வெட்டினேன், குழாயில் கழுவினேன், துடைத்தேன். அக்கா கையில் கொடுத்து நன்றாகப் பார்க்கச் சொன்னேன். "சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். அதே கறியில் இன்னொரு துண்டு வெட்டி வைத்தேன்.

கூம்பு. பேப்பரில் போட்ட அதே படம்.

"இது என்ன சொல்லுதுன்னா, இந்தக் கறிக்குள்ள புத்துக்கட்டி இருக்குன்னு சொல்லுது," என்றேன்.

அக்கா திரையைப் பார்த்தாள், கறியைப் பார்த்தாள். இன்னும் நம்பவில்லை. கோழிக்கு என்ன நோயோ என்று முனகினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் பையைத் திறந்து கடலைமிட்டாயை எடுத்து, அந்தக் கத்தியாலேயே ஒரு வெட்டு வெட்டிக் கருவிக்குள் வைத்தேன். வெல்லம் தானும் ஒளிர்ந்து கோட்டைத் தூக்கிவிட்டது. ஆனாலும் அந்த மேட்டின் மேல், 1178-இல், கூம்பு நிமிர்ந்து நின்றது.

"பாருக்கா. ஒன் கடலமிட்டாய்க்கும் புத்துநோயாம்!"

அத்தான் சிரித்துவிட்டார், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கதவருகே யாரோ அசைந்தார்கள். சார் நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியாது. திரையில் இருந்த கடலைமிட்டாய்க் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

"சரி, ஊசிக்குப் போவோம்" என்று அவளே எழுந்தாள்.

மாலையில் சாரிடமிருந்து மின்னஞ்சல். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சஞ்சிகைக்கு அவர் எழுதியதன் நகல். காரணத்தில் "கத்தி வழியாகத் துகள் பரவியது" என்று நேராக எழுதியிருக்கிறார். மூன்று மாதம் முன்னால் அவர் எழுதியிருக்க முடியாது, அப்போது அவருக்கே தெரியாது. ஒரு மாதம் முன்னால் எழுதியிருக்கலாம்.

ஏப்ரல் 24

ஊசி போட்டாகிவிட்டது. இரண்டு நிமிட வேலை. "இதுக்கா இம்புட்டுப் பயந்தேன்" என்று அக்கா நர்ஸிடம் சொன்னாள். நான் வெளியே போய்க் கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 2

புற்றுநோய்தான். கட்டி இப்போது இரண்டே முக்கால் சென்டிமீட்டர். அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சுக்கும் போயிருக்கிறது. முதலில் மருந்து, பிறகு அறுவை சிகிச்சை. குணப்படுத்தக்கூடிய நிலைதான் என்கிறார் டாக்டர். ஆனால் அக்குளில் இருப்பதையும் எடுக்க வேண்டும் என்பதால் அந்தக் கை வீங்கலாம், பளு தூக்கக்கூடாது, பயிற்சி செய்துகொண்டே இருக்க வேண்டும். அக்கா தையல்காரி என்றதும் அந்தம்மா பேனாவை வைத்துவிட்டார்.

பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஜனவரியிலயே ஊசிக்கு எழுதிக் குடுத்திருக்காங்களே. அப்பவே வந்திருந்தா அக்குளுக்குப் போறதுக்கு முன்னாடி பிடிச்சிருக்கலாமேம்மா. யார் உங்களைப் பொறுக்கச் சொன்னது?"

அத்தான் தரையைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலம்மா," என்றாள் அக்கா. "நாந்தான் பயந்துகிட்டு இருந்துட்டேன்."

மே 3

இந்த நோட்டில் சார் மேல் கோபம், பேப்பர்காரன் மேல் கோபம், அத்தான் மேல், மரகதம் மேல், வார்டன் மேல்கூடக் கோபம் இருக்கிறது. முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஒரு ஆள் பெயர் மட்டும் இல்லை.

பிப்ரவரி 4 பக்கத்தைத் திருத்துகிறேன். "வழக்கமான பேச்சு" என்று எழுதியிருக்கிறேன். பொய். நடந்தது இது. உண்மைகள் மட்டும்.

காலை ஏழேகால் மணி. அக்கா கோவில்பட்டி பஸ் நிலையத்திலிருந்து அழைத்தாள். பின்னால் கண்டக்டர் "திருநெல்வேலி, திருநெல்வேலி" என்று கூவிக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டு கையில் இருக்கிறது, அத்தான் டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போயிருக்கிறார் என்றாள்.

"பயமா இருக்குட்டி. ஒரு வார்த்த ஒன்ட்ட கேட்டுட்டுப் போவோம்னு. நீ என்ன சொல்லுத?"

நான் அப்போது பேப்பரில் வந்த என் போட்டோவை விடுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாயில் செலோடேப்.

"ஊசியெல்லாம் பழைய காலத்து வைத்தியம்க்கா. எதுக்குக் குத்திக்கிட்டுக் கெடக்க? எங்க மெஷின் சீக்கிரமே ஆஸ்பத்திரிக்கு வந்துரும். கொஞ்ச நாள் பொறு, நானே பாத்துச் சொல்லுதேன்."

அப்போது எலிக்குக்கூட அந்த மெஷின் போகவில்லை. அது எனக்குத் தெரியும். கத்தி விஷயம்தான் தெரியாது, இது தெரியும்.

அக்கா பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்பாடா. நீ சொன்னா சரிட்டி" என்றாள். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே அத்தானைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, வாங்க, வீட்டுக்குப் போவோம். பஸ்ஸு வேண்டாம்."